வாழையின் உறவில் ஒரு பூச்செடி: ஹெலிகோனியா வளர்ப்பு அனுபவங்கள்

ஹெலிகோனியா என்பது வாழை, இஞ்சி, மஞ்சள், கல்வாழை ஆகியவை அடங்கிய தாவர வரிசையைச் சேர்ந்ததாயினும், தனக்கென ஒரு குடும்பத்தையே கொண்ட பேரினமாகும். அக்குடும்பத்தில் இதைத் தவிர வேறு பேரினம் கிடையாது. ஏறத்தாழ 200 இனங்களைக் கொண்ட இப்பேரினத்தின் பெரும்பகுதி மெக்சிகோவின் தெற்கிலிருந்து பிரேசில் வரையிலும் கரீபியன் தீவுகளிலும் இயற்கையாக வளர்கிறது. மிகச் சில இனங்கள் மட்டும் பெருங்கடலுக்கு இப்பால், சமோவாவிலிருந்து இந்தோனேசியாவின் சுலவேசி வரையுள்ள தீவுகளில் காணப்படுகின்றன. அச்சிலவற்றுள் ஒன்றுக்கு ‘இண்டிகா’ என்று பெயரிருப்பதைக் கொண்டு இந்தியச் செடி என்று சிலர் விற்பதுண்டு; அதன் தாயகம் நியூகினியைச் சார்ந்த தீவுகளே. லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் இவற்றுள் ஒன்றை வாழைப் பேரினத்திலேயே வைத்திருந்தார். 1771ஆம் ஆண்டில் அதைப் பிரித்தெடுத்து, கிரேக்கத்தின் கலைத் தேவதைகள் உறைவதாக நம்பப்பட்ட ஹெலிகோன் மலையின் பெயரைச் சூட்டினார். பெயர் பிரிந்தாலும் உறவு பிரியவில்லை என்பதையும், இச்செடியை நட்டு வளர்ப்பவருக்கு நூலறிவைக் காட்டிலும் வாழையறிவே முதலில் கைகொடுக்கிறது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பார்வையாளர் பூ என்று வியப்பது உண்மையில் பூவன்று. சிவப்பும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாகப் படகு போன்று அடுக்கடுக்காக அமைந்திருப்பவை பூவடிச்செதில்கள், அதாவது பூக்களைத் தாங்கிக் காக்கும் மாறுபட்ட இலைகள். இக்கட்டுரையில் அவை மடல்கள் என்றே குறிக்கப்படும். வாழைப்பூவின் செந்நிற மடலை உரித்தால் உள்ளே சீப்புச் சீப்பாகப் பூக்கள் இருப்பதைப் போலவே, ஒவ்வொரு மடலுக்குள்ளும் சிறிய உண்மைப் பூக்கள் மறைந்திருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் ஒரு நாள் மட்டுமே விரிந்திருந்து வாடிவிடும். மடல்களோ தோல்போல் தடித்தவையாகையால் வாரக்கணக்கில் நிறம் குன்றாது நிற்கும். தண்டும் அவ்வாறே பொய்த்தண்டு. இலையுறைகள் ஒன்றையொன்று பொதிந்து தண்டின் தோற்றத்தைத் தருகின்றன. உண்மைத் தண்டு மண்ணுக்கடியில் படுக்கைவாக்கில் ஓடுகிறது. பாடநூல்கள் இதனை மட்டநிலத்தண்டு என்கின்றன, பண்ணையில் எல்லோரும் கிழங்கு என்பர். குலை தள்ளிய வாழை மறுபடியும் குலை தள்ளாதது போலவே, பூத்த ஹெலிகோனியாத் தண்டும் இரண்டாம் முறை பூக்காது. அது மடிந்துகொண்டிருக்க, அதன் அடியிலிருந்து எழும் பக்கக்கன்றுகள் அடுத்தடுத்துப் பூக்கும். இந்த ஒரு செய்தியை வாங்குபவருக்குச் சொல்லாமல் விற்கப்பட்ட செடிகளின் கதி பெரும்பாலும் இரங்கத்தக்கதாகவே இருந்திருக்கிறது.

இக்கட்டுரையாளர் இச்செடியைப் பெருக்கியும் விற்றும் தோட்டங்களில் நட்டும் வந்திருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கில், குலசேகரத்தைச் சூழ்ந்த மலையடிவாரத்திலாகும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இப்பகுதிக்குக் கிடைக்கின்றன. மண் செம்மையும் புளிப்புத் தன்மையும் கொண்டது. ரப்பர், தென்னை, கமுகு ஆகியவற்றின் நிழலும், மட்டி, செவ்வாழை, நேந்திரன் போன்ற வாழைகளின் நெடுங்காலப் பழக்கமும் இங்குண்டு. இத்தகைய நிலத்தில் ஹெலிகோனியாவுக்கு எதுவும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கமுகந்தோப்பின் இடைவெளியில் புதைக்கப்பட்ட ஒரு துண்டுக் கிழங்கு இரண்டு மழைக்காலங்களுக்குள் ஆளுயரத் தூராகிவிடும். சிக்கல் தொடங்குவது செடி இம்மண்ணை விட்டு வெளியேறி, கட்டுமான நிறுவனங்களின் வளாகங்களுக்கும் விடுதிகளின் முற்றங்களுக்கும் செல்லும்போதுதான்.

தோட்ட அமைப்புத் தொழிலில் செடிகள் திறப்பு விழா நாளைக் கணக்கிட்டே வாங்கப்படுகின்றன. ஒரு முறை ஓர் உல்லாச விடுதிக்காக, மடல் விரிந்த நிலையிலிருந்த தண்டுகளாகவே பார்த்துப் பொறுக்கி நூற்றுக்கணக்கான பைச்செடிகள் அனுப்பப்பட்டன. கேட்டது அதுவே, கொடுத்ததும் அதுவே. விழா சிறப்பாக நடந்தது. இரண்டு மாதங்களுக்குள் அத்தண்டுகள் அனைத்தும் ஒரே நேரத்தில் பழுப்பாகிச் சாய்ந்தன. பக்கக்கன்றுகள் இன்னும் முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. செடிகள் செத்துவிட்டன என்று முடிவுசெய்த பராமரிப்பாளர்கள் கன்றுகளோடு கிழங்கையும் தோண்டி எறிந்துவிட்டனர். குற்றம் வாங்கியவரிடம் இல்லை. பூத்து முடியப்போகும் தண்டை, தொடர்ந்து பூக்கும் செடி என்று அவர் எண்ணும்படி விட்ட விற்பனை முறையிலேயே இருந்தது. அதன்பின் இக்கட்டுரையாளரின் பண்ணையில் ஒரு பைக்கு ஒரு பூத்தண்டு, ஒரு பாதி வளர்ந்த தண்டு, ஒரு குருத்து என மூன்று வயதினவாகத் தூர் கட்டிய செடிகளே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டு வருகின்றன. இவ்வகைச் செடி விலை கூடியது, ஏற்றுவதற்குக் கனமானது, பார்வைக்கு அத்தனை பகட்டில்லாதது. எனினும், நட்ட இடத்தில் பூ அறாமல் தொடர்வதற்கு இதைவிடப் பொருத்தமான வழி இதுவரை தென்படவில்லை.

இனங்களை வகைப்படுத்தத் தாவரவியலார் பூக்கொத்தாகிய மஞ்சரியின் நிலையையும், மடல்கள் ஒரே தளத்தில் அமைந்துள்ளனவா, சுருளாக அமைந்துள்ளனவா என்பதையும் கருதுவர். தோட்டக்காரருக்கு அவற்றினும் முதன்மையானது கிழங்கின் போக்கு. சில இனங்கள் நட்ட இடத்திலேயே நெருக்கமாகத் தூர் கட்டி நிற்கும். வேறு சில ஒவ்வொரு கன்றையும் ஒரு முழம் தள்ளி எழுப்பி, ஆண்டுக்காண்டு இடம் மாறிக்கொண்டே போகும். பண்ணைப் பேச்சில் இவை ‘நிற்பவை’, ‘நடப்பவை’ எனப்படுகின்றன. குட்டையான ஸ்ட்ரிக்டா வகைகளும், தடித்த மடல்களைக் கொண்ட பிஹாய், கரிபேயா போன்றவையும் நிற்பவை. கிளிகளுக்குரியது என்று லத்தீனில் பொருள்படும் சிட்டகோரமும், ஆரஞ்சு நிற மடல்களை வானோக்கி விரிக்கும் லாட்டிஸ்பாத்தாவும் நடப்பவை. நடைபாதையை ஒட்டிச் சிட்டகோரத்தை நட்டு, செங்கல்லோ தகடோ இறக்கி வரம்பு கட்டாமல் விட்டால் மறு ஆண்டே அது புல்தரைக்குள் நின்றுகொண்டிருக்கும். நடக்கும் இனத்தில் இன்னொரு குணமும் உண்டு: புறத்தே செழித்து, நடுவே பழைய கிழங்குகள் ஓய்ந்து வெறுமையாகிவிடும். நடுவெறுமையைக் கண்டு நோய் என்று மருந்து தெளிப்போர் பலர். வெளிப்புறத்துக் கிழங்குகளில் நான்கைந்தைத் தோண்டி, மட்கிய சாணத்தோடு நடுவில் மீண்டும் நடுவதே அதற்கு மருந்து.

எந்த இனம் எந்த இடத்திற்கு என்பதில் இத்தொழிலின் நுட்பம் பெரிதும் அடங்கியிருக்கிறது. சிட்டகோரமும், அது ஸ்பாத்தோசர்சினாட்டா என்னும் இனத்தோடு கலந்ததால் தோன்றிய ‘கோல்டன் டார்ச்’ என்னும் பொன்னிறக் கலப்பினமும், முழு வெயிலில் ஆண்டு முழுவதும் பூப்பவை. இடுப்புயரத்திலிருந்து ஆளுயரம் வரை வளரும் இவையே முதன்முறை நடுபவருக்கு ஏற்றவை. தொங்கும் மஞ்சரியில் சிவப்பு மடல்கள் மஞ்சளும் பச்சையுமான நுனியோடு இருபுறமும் அடுக்கப்பட்ட ரோஸ்ட்ராட்டா, பெரு, பொலிவியா நாடுகளின் பக்கத்துச் செடி. தன் கொடியின் சிவப்பு, மஞ்சள், பச்சை ஆகிய மூன்று நிறங்களும் இதில் இருப்பதால் பொலிவியா இதனைக் கந்துத்தா என்னும் மலைப்பூவோடு சேர்த்துத் தன் தேசியப் பூவாகக் கொண்டிருக்கிறது. தொங்கும் இனங்களை முற்றத்தின் நடுவே தாழ்வான பாத்தியில் நடுவது வீண்; மதிலோரத்தில் மேடமைத்தோ, படிக்கட்டின் பக்கவாட்டிலோ நட்டால் மஞ்சரி கண்ணுக்கு நேரே வந்து நிற்கும். இளஞ்சிவப்பு மடலும் வெளிர்பச்சை விளிம்பும், இலையடியில் வெண்பொடிப் பூச்சும் கொண்ட சார்ட்டாசியாவின் அழகு ஒப்பற்றது. ஆனால் அது மூன்று ஆள் உயரத்திற்கு எழக்கூடியது, காற்றொடுக்கமும் அரைநிழலும் இடவசதியும் இல்லாத மனைக்கு அதனைப் பரிந்துரைப்பது நேர்மையன்று.

மாவட்டத்திற்குள்ளேயே நிலம் மாறும் வேகம் வியப்புக்குரியது. மலைத்தொடர் இடைவெளி விடும் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிக் கிழக்கே சென்றால், முப்பந்தலின் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று ஹெலிகோனியாவின் அகன்ற இலைகளை நார்நாராகக் கிழித்துவிடுகிறது. வாழையிலை கிழிந்தால் பயிருக்குப் பெருங்கேடில்லை. அழகுக்காக நடப்பட்ட செடியின் இலை கிழிந்தாலோ அது நடப்பட்ட நோக்கமே கெடுகிறது. அங்கே மதிலின் காற்றடிக்காத பக்கத்தில் மட்டும் சிட்டகோரம் நடப்படலாம். சென்னையில் தடை வேறு விதமானது. அங்குள்ள ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றின் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த நீரைத் தொடர்ந்து பெறும் செடியில், இலை நரம்புகள் பச்சையாக இருக்க அவற்றின் இடைவெளி மஞ்சளாக வெளிறும். மண்ணின் காரத்தன்மையால் வேருக்கு இரும்புச்சத்து எட்டாமற்போவதன் அடையாளம் இது. பசுமை குன்றியது என்று யூரியாவை அள்ளி இடுவது இங்கே பயன் தருவதில்லை. இரும்புக் கலவையை இலைவழி தெளிப்பது சில வாரங்களுக்கு உதவும். மட்கு, தென்னைநார்க் கழிவு, இலைமூடாக்கு ஆகியவற்றைத் தொடர்ந்து சேர்த்து மண்ணைப் புளிப்பை நோக்கி மெல்ல நகர்த்துவதே நிலையான வழி.

பூக்கும் பருவம் பற்றிய கேள்விக்கு இக்கட்டுரையாளர் நெடுங்காலம் தவறான விடையையே கூறிவந்தார். தண்டு உரிய பருமன் அடைந்ததும் பூக்கும் என்று வாழையைக் கொண்டு கணித்தது சிட்டகோரத்திற்குப் பொருந்தியது. ஸ்ட்ரிக்டாவின் குட்டை வகைகளுக்குப் பொருந்தவில்லை. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் கிரைலி நடத்திய ஆய்வுகள் இதனைத் தெளிவாக்கின: சில இனங்கள் பகற்பொழுது குறுகும்போதே பூமொட்டைக் கருக்கொள்கின்றன, பிரேசிலின் அங்குஸ்டா இனமோ பகல் நீளும்போது கருக்கொள்கிறது, சிட்டகோரத்திற்குப் பகலின் நீளம் பொருட்டன்று. கருக்கொண்ட மொட்டு பொய்த்தண்டினூடே மேலேறி வெளித்தோன்ற மாதங்கள் செல்லுமாகையால், பூக்கும் மாதத்தைப் பார்த்து மட்டும் காரணத்தை ஊகிக்க முடிவதில்லை. குமரி மாவட்டத்தில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடைப்பட்ட வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணி நேரமே. அந்தச் சிறு வேறுபாட்டையும் இச்செடிகள் உணர்கின்றன என்பது எண்ணுந்தோறும் மதிப்பைக் கூட்டும் செய்தியாகும். தோட்டக்காரருக்கு இதனால் விளையும் பயன் எளியது: ஒரே இனத்தைப் பரவலாக நட்டு ஆண்டு முழுவதும் பூவை எதிர்பார்ப்பதை விடுத்து, பருவமறிந்து பூக்கும் இரண்டு மூன்று இனங்களைச் சிட்டகோரத்தின் ஓயாத பூவோடு இணைத்து நடலாம்.

தாயகத்தில் இச்செடியின் துணை ரீங்காரச்சிட்டு, அதாவது ஒரே இடத்தில் சிறகடித்து அந்தரத்தில் நின்றபடியே தேனுண்ணும் அமெரிக்கச் சிறுபறவை. செயிண்ட் லூசியா தீவில் ஊதாக் கழுத்துள்ள ஓர் இனத்தில் பெண்பறவையின் அலகு நீண்டும் வளைந்தும் இருக்க, ஆணின் அலகு குறுகியிருக்கிறது. பெண் பிஹாய் இனத்தையும் ஆண் கரிபேயா இனத்தையும் நாடுவதையும், அவ்விரு செடிகளின் பூக்கள் அவ்வலகுகளின் அளவுக்கே பொருந்துவதையும் ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கின்றனர். பசிபிக் தீவுகளில் சாலமன் தீவு இனத்தின் பச்சை மடல்களை இரவில் நாடிவருவது வௌவால். நம் நாட்டில் ரீங்காரச்சிட்டு இல்லை. தேன்சிட்டுகள் வருகின்றன, பல நேரங்களில் பூவின் வாய்வழி செல்லாமல் அடிப்பகுதியைத் துளைத்துத் தேனை எடுத்துவிடுகின்றன. எனவே காய் பிடிப்பது அரிது. அமெரிக்க இனங்களுக்குரிய நீலநிறக் கனியைப் பண்ணையில் காண்பது ஒரு சிறு கொண்டாட்டமாகவே இருக்கும். அக்கனிக்குள் இருப்பது கல்போன்ற ஓடுடைய விதை; அது முளைக்க மாதங்களோ, சிலவேளை ஆண்டுகளோ ஆகும். கலப்பினங்கள் பல மலடு. ஆகவே இத்தொழில் முழுவதும் கிழங்கை நம்பியே நடக்கிறது.

நிமிர்ந்த மஞ்சரியுடைய இனங்களின் மடல்களில் நீர் தங்கும். தாயகத்தில் அந்நீர் ஒரு சிற்றுலகம்: மழைநீரோடு செடி தானே சுரக்கும் நீரும் சேர, இளம்பூ அதனுள் மூழ்கி, தின்னிகளுக்கு எட்டாமல் வளர்கிறது, பலவகைப் பூச்சிகளின் இளம்பருவம் அதிலேயே கழிகிறது. டெங்குக் காய்ச்சலுக்கு அஞ்சும் நகரத்தில் அதே நீர் கொசுப்புழுவுக்கு இடம் தரக்கூடும் என்பதை மறைப்பது தகாது. வீட்டுச் சாளரத்தையும் பள்ளி வளாகத்தையும் ஒட்டித் தொங்கும் இனங்களையே நடவேண்டும் என்றும், நிமிர்ந்தவற்றைத் தள்ளி நட்டு வாரம் ஒரு முறை குழாய்நீரைப் பீய்ச்சி மடல்களைக் கழுவிவிட வேண்டும் என்றும் இக்கட்டுரையாளர் எழுதியே கொடுப்பது வழக்கம். அதனால் விற்பனை குறைந்ததில்லை.

வாழையோடுள்ள உறவு அறிவைத் தந்ததுபோலவே பொறுப்பையும் சுமத்துகிறது. வாழையைத் தாக்கும் மோக்கோ என்னும் பாக்டீரிய வாடல் ஹெலிகோனியாவிலும் தங்கும். 1989ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் வடக்குக் குயின்ஸ்லாந்தில் அந்நோய் நுழைந்தது, ஹவாயிலிருந்து கொண்டுவரப்பட்ட ஹெலிகோனியாக் கிழங்குகள் வழியாகத்தான். அங்கே அது கண்டறியப்பட்டு வேரோடு ஒழிக்கப்பட்டது. எல்லா இடத்திலும் அவ்வாறு நிகழும் என்பதற்கு உறுதியில்லை. இந்தியாவில் தாவரங்களைக் கொண்டுவர 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி முன்னனுமதியும், அனுப்பும் நாட்டின் நோயின்மைச் சான்றும் வேண்டும். ஆயினும் அயல்நாடு சென்று திரும்பும் ஆர்வலர்கள் துணிப்பைக்குள் கிழங்கைச் சுருட்டி வருவதும், அதை அரிய வகை என்று பெருமையோடு பகிர்வதும் நடக்கின்றன. மட்டி வாழைக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஒரு மாவட்டத்தில், குடும்பங்களின் உணவும் வருவாயும் வாழையாக இருக்க, ஒரு பூவின் பொருட்டு அந்த வாழையைப் பணயம் வைப்பதை இக்கட்டுரையாளர் எக்காலத்தும் ஏற்றதில்லை; அவ்வாறு வந்த கிழங்குகள், அவை எத்துணை அரியவையாயினும், பண்ணைக்குள் அனுமதிக்கப்படவில்லை.

உள்ளூரிலும் எச்சரிக்கை வேண்டும். வேரைத் துளைத்து வாழும் துளைப்பான் நூற்புழு, கண்ணுக்குத் தெரியாத அளவுடைய புழு. வாழை, கமுகு, மிளகு ஆகியவற்றோடு ஹெலிகோனியாவையும் அது தாக்கும். தாக்குண்ட தூர் மெலிந்து, காற்றுக்கு அடியோடு சாயும். வேரைக் கீறிப் பார்த்தால் செம்பழுப்புக் கீற்றுகள் தெரியும். வாழைக்கன்றைச் சீவுவதைப் போலவே, பழைய வேர்கள் அனைத்தையும் நீக்கி, கறுத்த தசையை வெள்ளை தெரியும்வரை செதுக்கி, ஓரிரு நாள் நிழலில் உலர்த்தி, வேப்பம் பிண்ணாக்கு கலந்த புதுமண்ணில் நடுவதே பண்ணையின் நடைமுறை. செதுக்கிய கழிவு எரிக்கப்படுகிறது. ஓடைக்கரையிலோ காட்டோரத்திலோ கொட்டப்படுவதில்லை. ஓடை ஈரத்தில் விழுந்த சிட்டகோரக் கிழங்கு அங்கேயே நடக்கத் தொடங்கிவிடும் என்பதும், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளுக்கு அப்படியொரு புதிய குடியேறி வேண்டியதில்லை என்பதும் இதற்குக் காரணம்.

இச்செடியைப் பரப்புவோர் அனைவருக்கும் முன்னோடியாகச் சொல்லத்தக்கவர் பிரேசிலின் தோட்டக் கலைஞர் ரோபர்ட்டோ பர்லே மார்க்ஸ் (1909–1994). இளமையில் பெர்லின் நகரில் இருந்தபோது, அங்குள்ள தாவரவியல் பூங்காவின் கண்ணாடி இல்லத்தில் தம் நாட்டுச் செடிகளைக் கண்டு வியந்தவர் அவர். பிரேசிலின் தோட்டங்களோ அக்காலத்தில் ஐரோப்பியச் செடிகளால் நிரம்பியிருந்தன. பின்னாளில் ஹெலிகோனியா உள்ளிட்ட நாட்டுச் செடிகளை ஒவ்வொரு வகையாகப் பெருந்திரளாக நட்டு, நிறப்பரப்புகளாகவே தோட்டங்களை அமைத்தார். ரியோ டி ஜனீரோ அருகே அவர் செடிகளைத் திரட்டி வளர்த்த தோட்டம் 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அவரைப் பின்பற்றுகிறோம் என்று ஹெலிகோனியாவை மட்டும் நட்டு நிறைப்பவர்கள் அவர் செயலின் பாதியையே எடுத்துக்கொள்கின்றனர். அவருக்கு அது சொந்த நாட்டுச் செடி, நமக்கு விருந்தினர். ஆகவே இக்கட்டுரையாளர் அமைக்கும் தோட்டங்களில் ஹெலிகோனியாத் திரளுக்கு முன்வரிசையில் சித்தரத்தையும், வெண்பூவும் செம்மடலுமாய் நிற்கும் கோஷ்டமும், மழைக்காலத்தில் தலைகாட்டும் காட்டுமஞ்சளும் இடம்பெறுகின்றன. ஒரே வரிசையைச் சேர்ந்த உறவினங்களாகையால் இலையின் போக்கும் ஈரத்தேவையும் ஒத்திருக்கின்றன. பூவற்ற மாதங்களில் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகிறது.

அடர்ந்த தூரில் பாம்பு அடையும் என்னும் அச்சத்தைப் பலர் தெரிவிப்பதுண்டு. அது வீண் அச்சமன்று. பூத்த தண்டுகளைத் தரைமட்டத்தில் அறுத்து, காய்ந்த சருகுகளை உரித்தெடுத்து, தூரின் அடியில் வெளிச்சம் ஊடுருவும்படி வைத்திருந்தால் அவ்வச்சத்திற்கு இடமிராது. அறுக்காத தூரில் பூவும் குறைவாகவே வரும்.

2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைத் தாக்கியபோது ரப்பரும் வாழையும் பெருமளவில் வீழ்ந்தன; அவற்றின் நிழலில் இருந்த ஹெலிகோனியாத் தூர்கள் மரங்களுக்கடியில் நசுங்கிக் கிடந்தன. மரத்துண்டுகளை அகற்றி முடிக்கவே வாரங்கள் கழிந்தன. தை மாதத்திற்குள் நசுங்கிய தூர்கள் யாவும் குருத்துவிட்டன. ஆனால் தலைக்குமேல் நிழல் இல்லை. அரைநிழல் இனங்களின் புதிய இலைகள் விளிம்பு கருகிச் சுருண்டன, சார்ட்டாசியா அவ்வாண்டு பூக்கவேயில்லை. சிட்டகோரமும் கோல்டன் டார்ச்சும் அதுவரை இல்லாத வெயிலைப் பெற்று முன்னெப்போதும் பூக்காத அளவு பூத்தன. எந்த இனத்திற்கு எவ்வளவு ஒளி என்று அதுவரை நூல்களிலிருந்தும் ஊகத்திலிருந்தும் எழுதி வைக்கப்பட்டிருந்த குறிப்பேடு அவ்வாண்டில் திருத்தப்பட்டது. நிழல் இனங்களுக்காக அகத்தியும் முருங்கையும் விரைந்து நடப்பட்டன. பிறகு கமுகு மீண்டும் எழுந்தது.

தூரைப் பிரித்தெடுக்கும் வேலை இப்பண்ணையில் வைகாசி மழைக்குச் சற்று முன்னதாகத் தொடங்குகிறது. மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் நின்ற தூரைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கி, ஒவ்வொரு துண்டிலும் ஒரு முழத் தண்டும் கண்விட்ட ஒரு கிழங்குப் பகுதியும் இருக்குமாறு அறுத்து, தண்டின் மேற்பகுதியைக் கழித்து, இன்னது என்று எழுதிய தகட்டை அப்போதே கட்டிவிடுகின்றனர். அறுத்துக் குவித்தபின் பெயர் தேடினால் பிஹாயையும் கரிபேயாவையும் பிரித்தறிய அவை பூக்கும்வரை காத்திருக்க நேரிடும். கண் மேல்நோக்கியிருக்க, கிழங்கு மறையும் ஆழத்திற்கு மட்டும் மண் மூடி நடவேண்டும். மழை பிடித்த பத்தாவது நாளளவில், வெட்டிய தண்டின் நடுவிலிருந்து ஊசிபோல் சுருண்ட ஓர் இலை எட்டிப்பார்க்கும். அவ்விலையை நம்பி நீரைப் பெருக்கக் கூடாது, அது பழைய தண்டில் எஞ்சிய உயிரே. பக்கத்து மண்ணை விரித்துக்கொண்டு செந்நிறக் குருத்து எழும்போதுதான் புதிய தூர் தொடங்கியது என்று கொள்ளவேண்டும்.